பேசத் தாமதிக்கும் பிள்ளையும் நமது பொறுமையும்

 

சுவாமிமலைப் பகுதியில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது நமது பணி. எந்த எழுத்து தொண்டையிலிருந்து பிறக்கிறது, எது நாவின் நுனியிலிருந்து பிறக்கிறது, எதற்கு உதடுகள் சேர வேண்டும் என்பதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அப்படிப்பட்ட நமது வீட்டிலேயே, மூன்று வயதை நெருங்கிய இளைய மகனிடம் ஐந்தாறு சொற்களுக்கு மேல் இல்லை. தாகம் எடுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்தைக் காட்டுவான். நமக்குப் புரியாவிட்டால் தரையில் விழுந்து அழுவான். அந்த அழுகையைப் பிடிவாதம் என்றே அன்று நாம் எண்ணினோம்.

மூத்த இருவரும் பள்ளிக்கூடம் செல்பவர்கள். இளையவனை ஆறு வயது வரை வீட்டிலேயே வைத்து, தாயின் அரவணைப்பில் தீனையும் எழுத்தையும் கற்பிப்பது என்று நானும் என் துணைவியும் ஆலோசித்து முடிவெடுத்திருந்தோம். இதேபோன்ற முடிவை எடுத்திருக்கும் குடும்பங்கள் இப்போது நம் சமூகத்தில் பெருகி வருகின்றன. அத்தகைய வீடுகளில் ஒரு பிள்ளை பேசத் தாமதித்தால் என்ன நிகழ்கிறது, என்ன நிகழ வேண்டும் என்பதை நமது தவறுகளையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

எதைப் பொறுமை என்று எண்ணினோம்?

வீட்டிற்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சமாதானம் இருந்தது. "இவங்க அத்தாவும் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கலை" என்றார் நன்னி. "ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. வசம்பைச் சுட்டு இழைத்து நாவில் தடவச் சொன்னவர்கள் உண்டு. நாக்கு ஒட்டியிருக்கிறது, அதை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றவர்களும் உண்டு. நாமும் ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "அல்லாஹ் நாடினால் பேசுவான், சப்ரு செய்வோம்" என்று எட்டு மாதங்களைக் கழித்தோம்.

ஓதிப்பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. துஆவை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த எட்டு மாதங்களில் நாம் செய்தது சப்ரு அன்று. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு தவக்குல் வையுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை எத்தனையோ பயான்களில் நாமே எடுத்துச் சொல்லியிருக்கிறோம். நமது வீட்டு ஒட்டகத்தை மட்டும் அவிழ்த்து விட்டிருந்தோம். அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்ற ஹதீஸைப் பிறருக்கு ஓதிக் காட்டிய நாம், அந்த நிவாரணத்தைத் தேடி ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

டெல்டாவில் வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டால், பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் பழைய தூர் கட்டாது. குழந்தையின் மூளை மொழியை மிக எளிதாக வாங்கிக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். பின்னர் கற்க முடியாது என்பதில்லை. ஆனால் அதற்கான உழைப்பு பன்மடங்காகிவிடுகிறது.

முதலில் காது

ஒருநாள் மக்தபில் நடந்த ஒரு சிறு நிகழ்வு நம்மை விழிக்க வைத்தது. ஒரு சிறுமி ஸீனையும் ஃபாவையும் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் சரியாகச் சொல்லவில்லை. அருகில் அழைத்து, நமது வாயைப் பார்க்கும்படி அமர்த்தியதும் சரியாகச் சொன்னாள். அவளுடைய நாவில் குறை இல்லை. தொலைவில் இருந்தபோது அந்த மெல்லிய காற்றொலிகள் அவளுடைய காதில் விழவே இல்லை. அன்றிரவு நமது மகன் உறங்கும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். கூப்பிட்டால் சில வேளைகளில் திரும்புவான், சில வேளைகளில் திரும்ப மாட்டான். ஒலிபெருக்கியில் பாங்கு ஒலித்ததும் வாசலுக்கு ஓடுவான். ஆகவே காது நன்றாகவே கேட்கிறது என்று முடிவு செய்திருந்தோம்.

இந்த முடிவுதான் பல வீடுகளில் தவறாகிறது. தட்டு விழுந்தால் திரும்புகிறான், கதவு தட்டினால் பார்க்கிறான் என்பதெல்லாம் காது முழுமையாகக் கேட்கிறது என்பதற்குச் சான்று ஆகா. உரத்த ஒலி கேட்கும் குழந்தைக்கு மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பேச்சு என்பதோ பெரும்பாலும் மெல்லிய ஒலிகளால் ஆனது. பரிசோதனையில் நமது மகனுக்கு இரு காதுகளிலும் நடுச்செவியில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. சிறு குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நிலை இது. வலியோ காய்ச்சலோ இல்லாமலும் இருக்கும் என்பதால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கியவர் கரையில் நடக்கும் பேச்சைக் கேட்பது போன்று அவன் எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறான். சில மாதக் கண்காணிப்பிலும் சிகிச்சையிலும் அது சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாப் பிள்ளைகளின் காரணமும் இதுவே அன்று. சிலருக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைந்திருக்கும். சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். சிலருக்குக் காதும் அறிவும் நன்றாக இருந்தும் மொழி மட்டும் பிந்தும். காரணம் எதுவாயினும் முதல் படி செவிப் பரிசோதனைதான். ஓஏஇ, பெரா என்னும் பரிசோதனைகளைப் பச்சிளம் குழந்தைக்கும் செய்யலாம்; குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, உறங்கிக்கொண்டிருந்தாலே போதும். சொந்தத்தில் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், பரம்பரையாக வரும் செவிக்குறைபாட்டிற்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதை மறவாதீர்கள். கடுமையான செவிக்குறைபாடு உள்ள ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அந்த வயது வரம்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். "ஏழு வயசுல பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கும் குடும்பம் எதை இழக்கிறது என்பது விளங்கும்.

வீட்டிலிருக்கும் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய் ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதத்தையும் அவர்கள் கண்டறிகின்றனர். ஐயத்திற்குரிய பிள்ளைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர். இது நல்ல ஏற்பாடு. ஆனால் நமது மகன் அங்கன்வாடிக்குச் செல்லவில்லை. எந்த டீச்சரும் அவனைப் பிற குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக் கல்வி என்று நாம் எடுத்த நல்ல முடிவு, அவனை எல்லாக் கண்களிலிருந்தும் அகற்றிவிட்டிருந்தது.

ஆகவே பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோர், அந்தக் கண்களின் பொறுப்பையும் தாமே ஏற்க வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா? ஒன்றரை வயதில் சில தனிச் சொற்களாவது உண்டா? இரண்டு வயதில் "அத்தா வா", "பால் வேணும்" என்று இரு சொற்களைச் சேர்க்கிறதா? மூன்று வயதில் அது பேசுவதில் பெரும்பகுதி வெளியாருக்கும் புரிகிறதா? இவற்றில் ஒன்றில் பின்தங்கியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு சொன்ன சொற்களை ஒரு குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாயினும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

"ஆஸ்பத்திரியில் ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள், நாளை சம்பந்தம் பேசும்போது அது தடையாகும்" என்ற அச்சத்தை நாம் அறிவோம். பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் இது இன்னும் கடுமையாக இருக்கிறது. ஆனால் பெயர் சூட்டாமல் விட்டால் குறை இல்லாமல் போய்விடுமா? இருபது வயதில் பேசத் தடுமாறும் பிள்ளையை ஊர் அறியாமல் இருக்குமா? மூன்று வயதில் நாம் மறைப்பது, இருபது வயதில் அந்தப் பிள்ளையே தனியாகச் சுமக்கும் சுமையாகிறது. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். நமது கௌரவத்திற்காக அதன் உரிமையை நிறுத்தி வைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

"சொல்லு, சொல்லு" என்னும் தேர்வு

காது சரியான பிறகு நாம் செய்த அடுத்த தவறு, வீட்டைப் பரீட்சைக் கூடமாக மாற்றியது. "தண்ணீன்னு சொல்லு, அப்பத்தான் தருவேன்." "இது என்ன? சொல்லு. இது என்ன கலர்? சொல்லு." உறவினர் வந்தால் அவர்கள் முன் நிறுத்தி, "மாமாவுக்கு ஸலாம் சொல்லு." பிள்ளை இன்னும் வாயை இறுக்கிக்கொண்டது. போதாததற்கு, சொல் கற்கட்டும் என்று கைப்பேசியில் படப் பாடல்களை ஓட விட்டோம். திரை எவ்வளவு பேசினாலும் அது பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பிள்ளையின் மறுமொழிக்காகக் காத்திருப்பதும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை முதல் நான்கு வயதுக் குழந்தை வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்று அழைக்கப்படும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் முதல் நாளிலேயே நம்மிடம் கூறினார்: வாரத்தில் ஒரு மணி நேரம் தான் தரும் பயிற்சியைவிட, மீதி நேரமெல்லாம் வீட்டில் நடப்பதே பிள்ளையைப் பேச வைக்கும். இது புதிய கருத்து அன்று. காது கேளாமல் பிறந்த தம் மகனுக்கு வீட்டிலேயே பேசக் கற்றுக்கொடுத்த லூயிஸ் டிரேசி என்னும் தாய், 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோருக்காகவே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். தொலைவிலுள்ள பெற்றோருக்கு அஞ்சல் வழியாகவும் அங்கிருந்து இலவசப் பாடங்கள் சென்றன. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயாவில், காது கேளாத சிறு குழந்தைகளோடு தாய்மாரும் உடனிருந்து கற்கின்றனர். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1975இல் அயலா மேனல்சன் தொடங்கிய ஹேனன் பயிற்சியும் பெற்றோருக்கானதே. பிள்ளையைக் கவனி, காத்திரு, செவிகொடு என்பதே அதன் அடிப்படை.

இதைப் படித்தபோது நமக்கு இரு ஹதீஸ்கள் நினைவுக்கு வந்தன. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் ஒரு குருவியை வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணும்போது அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரிப்பார்கள். மற்றொன்று, அபிசீனியாவில் பிறந்து மதீனா வந்த உம்மு காலித் என்னும் சிறுமியுடையது. அவருடைய ஆடையைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்பதை அந்தச் சிறுமி பழகிய அபிசீனியச் சொல்லாலேயே நபியவர்கள் கூறினார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்திய மாமனிதர், குழந்தையின் மனம் எதில் இருக்கிறதோ அதைப் பற்றி, குழந்தைக்குத் தெரிந்த சொல்லில் பேசியிருக்கிறார்கள். பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்?

வீட்டில் என்ன செய்கிறோம்?

அவன் உயரத்திற்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுகிறோம். உளூச் செய்யும்போது, "கை கழுவுறோம், வாய் கொப்பளிக்கிறோம், முகம் கழுவுறோம்" என்று ஒவ்வொரு செயலையும் சிறு வாக்கியமாகச் சொல்கிறோம். நாளுக்குப் பலமுறை, அதே வரிசையில், அதே சொற்களில் நிகழ்வதால் அது பிள்ளையின் மனத்தில் பதிகிறது. ஒன்றைக் கேட்டுவிட்டு, மனத்திற்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கிறோம். அந்தப் பத்து எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் கடினமானது. "என்ன வேணும்?" என்று கேட்பதைவிட, இரு கைகளிலும் காட்டி, "பழமா, பிஸ்கட்டா?" என்று கேட்கிறோம். அவன் "தாரா" என்றால், "ஆமா, தாரா போகுது" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்கிறோம். அறுவடை முடிந்த வயல்களில் தாராக் கூட்டம் மேய வரும் நாள்களில் மாலையில் அவனை வரப்போரம் அழைத்துச் செல்வது நமது வழக்கம். எந்தப் புத்தகமும் தராத சொற்களை அந்த வயல் தந்தது.

தவறாகச் சொன்னால் திருத்துவதில்லை; சரியான சொல்லை நாம் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். அவன் கையால் காட்டினால் தடுப்பதில்லை. சைகை பழகினால் பேச்சு வராது என்பது தவறான எண்ணம். சைகை பேச்சுக்கு முன் வரும் படி. ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு மூன்று நாள்கள் மக்களோடு சைகையால் மட்டுமே பேசும் நிலை ஏற்பட்டதையும், மர்யம் (அலை) அவர்கள் மௌன நோன்பிருந்து, கேட்டவர்களுக்குக் குழந்தையைச் சுட்டிக்காட்டியதையும் திருக்குர்ஆன் கண்ணியத்தோடு குறிப்பிடுகிறது.

சபுரில் இருக்கும் அத்தாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோ அழைப்பில் "அத்தான்னு சொல்லு, சொல்லு" என்று பிள்ளையைக் கெஞ்ச வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையைக் காட்டுங்கள். உங்கள் அறையைக் காட்டுங்கள். அவன் காட்டும் பொம்மையைப் பற்றிப் பேசுங்கள். அழைப்பு முடிந்ததும், "புள்ள ஏன் இன்னும் பேசலை, நீ என்னதான் பண்றே?" என்று மனைவியைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அந்தத் தாய் நாள் முழுவதும் தனியாக இந்தப் பாரத்தைச் சுமக்கிறார். தாய் அதிகம் பேசாததால் பிள்ளை ஊமையாயிற்று என்று உறவினர் சொல்லும் வார்த்தை அநியாயமானது.

மொழியைப் பற்றி ஒரு சொல். வீட்டில் தமிழ், ஓதுவதற்கு அரபு, சில வீடுகளில் உர்தூ. இத்தனை மொழிகளால்தான் பிள்ளை குழம்புகிறது என்று சிலர் கூறுகின்றனர். பல மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்திற்குக் காரணம் ஆகாது. குழந்தைக்கு எளிது என்று எண்ணித் தாய்மொழியை விட்டுவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவதே தீங்கு. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிறதோ, அதுவே பிள்ளையின் மொழி.

உஸ்தாத்மார்களுக்கு

நம்மைப் போன்று ஓதிக்கொடுப்பவர்களிடம் தனியே ஒன்று கூற வேண்டும். பேசத் தடுமாறும் பிள்ளை மக்தபுக்கு வந்தால், அதைக் கடைசி வரிசையில் அமர்த்தாதீர்கள், முன்னால் அமர்த்துங்கள். மற்றப் பிள்ளைகள் சிரிக்க இடம் கொடாதீர்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரட்டிப்பு நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, அந்தப் பிள்ளையைப் பிரம்பால் விரட்ட நாம் யார்? பேச இயலாதவரின் புரியத்தக்க சைகை நாவால் சொன்ன சொல்லுக்கு நிகரானது என்பது நமது ஃபிக்ஹில் நிலைபெற்ற விதி. உஸ்மானிய ஆட்சியின் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் அது 70ஆம் விதி. கொடுக்கல் வாங்கலில் ஊமையின் சைகையை ஏற்ற மார்க்கத்தின் பிள்ளைகள் நாம். அந்த மரியாதையை நமது மக்தபிலும் கொடுக்க வேண்டும்.

வீட்டில் கற்பிக்கும் பெற்றோரும் தனித்திருக்க வேண்டாம். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. இவை எவருடைய தயவும் அல்ல, பிள்ளையின் உரிமை. வீட்டுக் கல்வி பிள்ளைக்குப் பயன் தரவில்லை என்று தெரிந்தால் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அனுப்பத் தயங்காதீர்கள். நமது முடிவைக் காப்பாற்றுவதைவிடப் பிள்ளையைக் காப்பாற்றுவது முக்கியம். நாமும் இப்போது வாரத்தில் மூன்று நாள்கள் காலையில் அவனைப் பிற குழந்தைகளோடு இருக்க அங்கன்வாடிக்கு அனுப்பி வருகிறோம்.

அவனுக்கு இப்போது நாலரை வயது. வயதுக்குரிய பேச்சு இன்னும் முழுமையாக வரவில்லை. பல சொற்கள் வெளியாருக்குப் புரிவதில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கிறான். தரையில் விழுந்து அழுவது நின்றுவிட்டது. அவன் பிடிவாதக்காரன் அல்லன், சொல்ல வழியில்லாதவனாக இருந்தான் என்பது இப்போதுதான் நமக்கு விளங்குகிறது. எல்லாப் பிள்ளைகளும் இந்த அளவிற்கேனும் பேசுவார்கள் என்று நாம் உறுதி கூற முடியாது. சில பிள்ளைகள் சைகை மொழியிலும் படங்களின் துணையோடும் வாழ்வார்கள். அவர்களும் அல்லாஹ்வின் அழகிய படைப்புகளே. அவர்களுடைய மௌனத்தையும் அவன் அறிகிறான்.

ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் இரண்டைக் கேட்டார்கள். தமது நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு துஆச் செய்தார்கள். கூடவே, தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் கேட்டார்கள். துஆவோடு ஓர் உதவியாளரையும் தேடுவது நபிமார்களின் வழி. நமது பிள்ளைகளுக்கு அந்த ஹாரூனாக மருத்துவரும் பயிற்சியாளரும் அங்கன்வாடி டீச்சரும் உஸ்தாதும் இருக்கின்றனர். எல்லோருக்கும் முன்பாக நாம் இருக்கிறோம்.

பேசாத பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அதன் காதைப் பரிசோதியுங்கள். அல்லாஹ் நமது பிள்ளைகளின் நாவுகளை நன்மையில் திறப்பானாக! அவர்களுக்குச் செவிகொடுக்கும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.